மார்கழியிலும் தையிலும் காவிரிப் படுகையில் என்ன பார்க்கலாம், என்ன கேட்கலாம்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பணி மாறுதலில் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ குடிவந்தவர்களும், அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பூர்வீக ஊருக்குத் திரும்புகிறவர்களும் டிசம்பர் பிறந்ததும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "இங்கே கச்சேரி எங்கே நடக்கிறது, டிக்கெட் எங்கே வாங்குவது?" டிசம்பரில் பாட்டுக்காரர்களில் பெரும்பாலோர் சென்னை சபாக்களில் இருப்பார்கள் என்பதால், அந்த மாதத்தில் சபாக் கச்சேரியை நம்பி டெல்டாவுக்கு வருகிறவர் ஏமாந்துதான் போவார். இங்கே கேட்கக் கிடைப்பது சாமி புறப்பாட்டில் நாதஸ்வரம், விடியற்காலை வீதி பஜனை, அரையர் சேவை, மாதா கோயில் கீர்த்தனை, ஆற்றங்கரைப் பந்தலில் ஆராதனை என்று ஏதேனும் ஒரு விழாவின் நடுவில் வருவதாகவே இருக்கும். இவற்றில் எதற்கும் டிக்கெட் கிடையாது. இருக்கை எண் கிடையாது. அச்சிட்ட நேரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே கலைஞரின் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு விழாவின் பெயரைத் தேடத் தொடங்கினால் வழி தானாகப் பிடிபடும்.

முதல் படி: பஞ்சாங்கத்தைப் பாருங்கள்

மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறந்து ஜனவரி 13 வாக்கில் முடியும். பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. கிறிஸ்துமஸையும் பொங்கலையும் தவிர மற்ற விழாக்கள் எல்லாம் திதியோடும் நட்சத்திரத்தோடும் நகர்பவை. 2024-ஆம் ஆண்டில் வைகுண்ட ஏகாதசியே வரவில்லை. 2025-இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று இரண்டு முறை வந்தது. கீர்த்தனைகளை இயற்றிய தியாகராஜரின் நினைவு நாளில் நடக்கும் திருவையாற்று ஆராதனை 2025-இல் பொங்கலுக்குப் பிறகு, ஜனவரி 18 அன்று வந்தது. 2026-இல் மார்கழி முடிவதற்குள்ளாகவே, ஜனவரி 7 அன்று வந்துவிட்டது. காரணம், அது சூரியன் கணக்கான தை மாதத்தைப் பின்பற்றாமல், சந்திரன் கணக்கான புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமியைப் பின்பற்றுவதுதான். போன ஆண்டுத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதுவருட நாள்காட்டி கைக்கு வந்ததும் கார்த்திகை அமாவாசை, மார்கழித் திருவாதிரை, வைகுண்ட ஏகாதசி, புஷ்ய பகுள பஞ்சமி ஆகிய நான்கையும் வட்டமிட்டு வையுங்கள். கிழிக்கும் தினசரி நாள்காட்டியே இதற்குப் போதும். நாகூர்க் கந்தூரி ஹிஜ்ரி மாதமான ஜமாதுல் ஆகிரில் வருவது. அது ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னுக்கு நகரும். 2024-இல் டிசம்பர் முதல் பாதியில் வந்தது இப்போது நவம்பர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டாம் படி: உற்சவப் பத்திரிகையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நாள் தெரிந்துவிட்டால், நேரத்தைத் தெரிந்துகொள்ளக் கோயிலுக்கே போவதுதான் நல்லது. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே உற்சவப் பத்திரிகையை அச்சிட்டு, வாசலில் ஒட்டி, அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் ஒரு கட்டும் வைத்திருப்பார்கள். ஒரு தாளைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வையுங்கள். அதில் நாள்வாரியாகக் காலை வாகனம், மாலை வாகனம், அன்றைய மண்டகப்படி (அந்த நாள் விழாச் செலவை ஏற்பது) யாருடையது என்பவை வரிசையாக இருக்கும். புதியவர்கள் பார்க்காமல் விடும் இடம் கடைசி இரண்டு வரிகள். மங்கள இசை யார், இரவு நிகழ்ச்சி என்ன என்பது பொடி எழுத்தில் அங்கேதான் இருக்கும்.

"இரவு 8 மணிக்கு மேல்" என்று போட்டிருந்தால், அந்த "மேல்" என்ற சொல்லை நன்றாகக் கவனிக்க வேண்டும். எட்டேகாலும் மேல்தான், பத்தும் மேல்தான். எதிர்சாரியில் பூக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் "சாமி எப்பம்மா கிளம்பும்?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் பத்திரிகையைவிடச் சரியாக இருக்கும், ஏனென்றால் அலங்காரத்துக்கு மாலை போய்விட்டதா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும்.

மூன்றாம் படி: தங்கும் ஊரை முடிவு செய்யுங்கள்

வெளியூரிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் வருகிறவர்கள் கும்பகோணத்தில் தங்குவதே வசதி என்பது என் கருத்து. நாச்சியார்கோவில், திருவிசநல்லூர், திருவாவடுதுறை ஆகியவை அருகில் இருக்கின்றன. தஞ்சாவூர் மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ.; மயிலாடுதுறை, சிதம்பரம் பக்கம் போக ரயில் இருக்கிறது; திருவாரூருக்கு அடிக்கடி பேருந்து இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் இங்கிருந்து போய் வருவது அலைச்சல் என்பதால், அதற்கென்று திருச்சியில் இரண்டு இரவு தனியாக வைத்துக்கொள்ளலாம்.

மார்கழியில் கல்யாணம் இல்லையாதலால் கல்யாண மண்டபங்களை ஒட்டிய அறைகள் காலியாகவே இருக்கும். வாடகையும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். தை பிறந்த பிறகு முகூர்த்த நாட்களில் அதே அறையைக் கேட்டால் சாவி மாட்டும் பலகையைத்தான் காட்டுவார்கள். மழையையும் கணக்கில் வையுங்கள்: வடகிழக்குப் பருவமழை டிசம்பர் பாதி வரை விடாமல் பெய்யக்கூடும். அதற்குப் பிறகு பனி. வெளியில் உட்கார்ந்து கேட்கும் நிகழ்ச்சிகளுக்கு மார்கழிப் பின்பாதி முதல் தை முடிய உள்ள காலமே உகந்தது.

நான்காம் படி: உங்கள் தெருவிலிருந்தே தொடங்குங்கள்

புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் பெரிய விழாக்களுக்கு ஓட வேண்டியதில்லை. மார்கழி முதல் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் நின்று கேளுங்கள். ஏதாவது ஒரு கோயிலில் திருப்பள்ளியெழுச்சி ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருக்கும். அதற்கு நடுவே ஜால்ரா சத்தம் தனியாக வந்தால் அதுதான் வீதி பஜனை. முன்னால் இரண்டு பேர் ஜால்ராவோடும், கழுத்தில் மாட்டிய ஆர்மோனியத்தோடு ஒருவரும், பின்னால் மப்ளர் சுற்றிய ஏழெட்டுப் பேரும், அவர்களுக்கும் பின்னால் தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளும் போவார்கள். மிருதங்கம் இருந்தால் அது வசதியான பஜனைக் கோஷ்டி. அன்றைய திருப்பாவைப் பாசுரமோ திருவெம்பாவைப் பாடலோ ஒவ்வொரு முனையிலும் நின்று பாடப்படும்; நான்கு வீதி சுற்றி முடித்துக் கோயிலுக்குள் போனதும் தொன்னையில் வெண்பொங்கல் கிடைக்கும்.

இதில் சேர்ந்துகொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. செருப்பில்லாமல் கடைசி வரிசையில் நடந்தால் போதும். மூன்றாம் நாள் யாராவது உங்கள் கையில் ஒரு பாட்டுப் புத்தகத்தைத் திணிப்பார்கள், ஐந்தாம் நாள் "இன்னிக்கு ஏன் சார் லேட்டு?" என்று கேட்பார்கள். அவர்களிடமிருந்தே மற்ற விழாச் செய்திகளும் வந்து சேரும்.

பஜனை மரபை இன்னும் விரிவாகக் கேட்க விரும்புகிறவர்களுக்குக் கும்பகோணத்துக்கு அருகில் உள்ள திருவிசநல்லூரில் மார்கழிக்கு முன்பே ஓர் இடம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த மகான் ஸ்ரீதர ஐயாவாளின் வீட்டுக் கிணற்றில் கங்கை பொங்கியதாகச் சொல்லப்படும் கார்த்திகை அமாவாசையையொட்டி அங்கே நாம சங்கீர்த்தன உற்சவம் நடக்கிறது. அமாவாசையன்று கிணற்று நீராடலுக்கு வரும் கூட்டம் மிகப் பெரிது. பாட்டுக்காகப் போகிறவர்கள் அதற்கு இரண்டு, மூன்று நாள் முன்பு மாலையில் போய் உட்காருவது நல்லது.

ஐந்தாம் படி: நாதஸ்வரத்தை எங்கே நின்று கேட்பது

இந்தப் பருவத்தில் இங்கு கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால், புறப்பாட்டு நாதஸ்வரம் என்றுதான் சொல்வேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை (1898-1956) வளர்த்த மண் இது. மார்கழியில் மேளக்காரர்களுக்குக் கல்யாண வாசிப்பு கிடையாது. கோயில் வாசிப்பு மட்டும்தான். முகூர்த்த நேரத்தின் அவசரமும் பந்தியின் இரைச்சலும் இல்லாததால் அவர்கள் நிதானமாக வாசிப்பதைக் கேட்க இதைவிட நல்ல மாதம் இல்லை.

சாமி புறப்படுவதற்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். முதலில் தவிலில் அலாரிப்பு. அதையடுத்து மண்டபத்தை விட்டு மூர்த்தி எழுந்தருளும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு வாசிப்பு தொடங்கும். மல்லாரிக்குச் சாகித்தியம் இல்லை. தாளக் கணக்கே அதன் உடம்பு. எனவே புதிதாகக் கேட்பவர் தாளம் போடுகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டால் பாதி விளங்கிவிடும். சன்னதித் தெரு தாண்டி வீதிக்கு வந்தபின் ராக ஆலாபனை வரும். வீதி முனையில் சாமி நிற்கும்போது வாசிப்பும் நின்று நிதானமாக நடக்கும். பெரும்பாலோர் செய்யும் தவறு, வாசிப்பவருக்கு முன்னால் நான்கு அடியில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்பது. நாதஸ்வரம் வெட்டவெளிக்கென்றே அமைந்த வாத்தியம். இருபது அடி தள்ளி, எதிர்த் திண்ணை ஏதாவது இருந்தால் அதில் உட்கார்ந்து கேளுங்கள். தவிலும் நாயனமும் அங்கேதான் சரிக்குச் சரியாக வந்து சேரும்.

ஒரு தடவை மட்டும், வாசிப்பு தொடங்கும் முன், அருகில் போய்ப் பாருங்கள். நாதஸ்வரத்தில் கட்டிய நூலில் மாற்றுச் சீவாளிகள், அதாவது வாயில் வைத்து ஊதும் சிறு துண்டுகள், நாலைந்து தொங்கும். பனி விழும் காலையில் சீவாளி விறைத்துப்போகும். வாசிப்பவர் ஒன்றை வாயில் வைத்து ஈரமாக்கி, தனியாக ஊதிப் பார்த்து, முகம் சுளித்து அதைக் கழற்றிவிட்டு அடுத்ததை எடுப்பார். மூன்றாவதில் முகம் தெளிந்தால் அன்றைக்குக் கச்சேரி நன்றாக இருக்கும் என்பது என் சொந்தக் கணக்கு. சீவாளி செய்வதற்குத் திருவாவடுதுறை பேர்போனது. வாத்தியத்தைச் செய்யும் நரசிங்கம்பேட்டை கும்பகோணம்–மயிலாடுதுறைச் சாலையிலேயே இருக்கிறது. அங்கே ஆச்சா மரத்தில், பெரும்பாலும் பழைய வீட்டு உத்திரக் கட்டையில், உலவு எனப்படும் குழல் பாகத்தைக் கடைந்து துளையிடுகிறார்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகள் வீட்டோடு சேர்ந்தவை என்பதால் பகல் பதினோரு மணிக்கு மேல் போய், வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போவதே முறை.

ஆறாம் படி: ஏகாதசியை ஒட்டி எங்கே போவது

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு முந்திய பத்து நாள் பகல் பத்து, ஏகாதசி தொடங்கி இராப் பத்து. பரமபத வாசல் திறக்கும் விடியற்காலையில் அங்கே இருக்க வேண்டும் என்று எல்லாரும் விரும்புகிறார்கள்; பக்தியோடு போகிறவர்களை நான் தடுக்கமாட்டேன். ஆனால் கலைக்காகப் போகிறவர்கள் பகல் பத்தின் நடுநாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உற்சவரான நம்பெருமாள் மூலஸ்தானத்திலிருந்து புறப்பட்டு அர்ச்சுன மண்டபம் சேர்ந்தபின் அங்கே அரையர் சேவை நடக்கும். கூம்பு வடிவக் குல்லாய் அணிந்த அரையர்கள் கையில் தாளத்தோடு ஆழ்வார் பாசுரத்தைப் பாடி, அதே வரிக்கு அபிநயம் பிடித்து, பிறகு தம்பிரான்படி என்னும் தங்கள் மரபு உரையைச் சொல்வார்கள். பாட்டும் ஆட்டமும் உரையும் ஒரே ஆளிடம் இருந்து வருவதைத் தமிழில் வேறெங்கும் காண்பது அரிது. இந்த மரபு இன்று ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை என்று விரல்விட்டு எண்ணும் ஊர்களில்தான் இருக்கிறது. அன்றைய பாசுரங்களை முன்னாள் இரவே ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். படிக்காமல் போனால் கை அசைவு மட்டும்தான் தெரியும், எதற்காக அசைகிறது என்பது தெரியாது.

நாச்சியார்கோவிலில் நடப்பது வேறு வகை. இங்கே கருடன் கல்லால் ஆனவர். மார்கழி உற்சவத்திலும் பங்குனி உற்சவத்திலும் அவரைச் சன்னதியிலிருந்து எழுந்தருளச் செய்து, பெருமாளை அவர்மேல் ஏற்றி வீதியுலா நடத்துகிறார்கள். சன்னதிக்குள் நான்கு பேர் தூக்கினால் போதும். வெளியே வர வர எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று தோள்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். திரும்பும்போது அதே கணக்கில் குறையும். ஏன் அப்படி என்று கேட்டால் வெளியே வர வர அவருக்குக் கனம் ஏறுகிறது என்பார்கள். நான் அதைப் பற்றி வாதாடியதில்லை. படிகளில் இறங்கும்போது தண்டுக்கு அடியில் இருக்கும் தோள்களைப் பார்த்தவர்களுக்கு வாதாடத் தோன்றாது. தாங்கிகளின் கால் ஒரே அடியில் விழுவதற்கு மேளம் தேவைப்படுகிறது. அந்த நேரத்து வாசிப்பில் அலங்காரம் ஒன்றும் இராது, ஒவ்வோர் அடியும் காலுக்கென்றே விழும். கருட சேவை உற்சவத்தின் 4-ஆம் நாள். நேரத்தைப் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்திலிருந்து 10 கி.மீ. தூரம்தான் என்றாலும் அன்று மாலை சாலை அடைத்துக்கொள்ளும் என்பதால் நான்கு மணிக்குள் ஊருக்குள் போய்விட வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் கடைத்தெருவில் குத்துவிளக்குகளைப் பார்க்கலாம். வார்ப்படத்துக்கு இந்த ஊர் பெயர் பெற்றது.

ஏழாம் படி: திருவாதிரைக்குச் சிதம்பரமா, திருவாரூரா

சிதம்பரத்தில் ஒன்பதாம் நாள் தேர், பத்தாம் நாள் ஆருத்ரா தரிசனம். கூட்டத்தில் நிற்கத் தெம்புள்ளவர்கள் தேரன்றே போகலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் திருவாரூரையே சொல்வேன். திருவாதிரையன்று அந்தக் கோயில் மூர்த்தியான தியாகராஜருடைய பாத தரிசனம் அங்கே உண்டு. மற்ற நாட்களில் மலர்களுக்குள் மறைந்திருக்கும் பாதம் அது. ஐந்து முகமுள்ள பஞ்சமுக வாத்தியமும், அந்தக் கோயிலுக்கே உரிய பாரி நாயனமும் இசையில் ஈடுபாடுள்ளவர்கள் விசாரித்துக் கேட்க வேண்டியவை. சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் மூவரும் பிறந்த ஊர் என்பதால் அவர்கள் பிறந்த இடங்களையும் நடந்தே பார்த்துவிடலாம்.

எட்டாம் படி: கிறிஸ்துமஸ் வாரம்

இந்த வாரத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் கடற்கரைப் பக்கம் போவது எல்லாருக்கும் பிடிக்கும். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலிக்கும், புத்தாண்டு இரவுக்கும் பெருங்கூட்டம் வரும். அறையை முன்கூட்டியே சொல்லி வைக்காமல் போகக்கூடாது. அமைதியாகப் பாட்டைக் கேட்க விரும்பினால் தரங்கம்பாடி. 1701-இல் எழுந்த சீயோன் ஆலயமும் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஆராதனையில் ஞானப்பாட்டோடு தமிழ்க் கீர்த்தனைகளும் பாடப்படும். தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) கர்நாடக ராகங்களில் அமைத்த கீர்த்தனைகள் தமிழ்ச் சபைகளில் இன்றைக்கும் வழக்கில் உள்ளன. திருவையாற்றில் கேட்கப்போகிற இசைக்கு இவையும் ஒரே ஊர் உறவு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் ருசி கூடும். ஆராதனை நடக்கும்போது எழுந்து நடமாடாமல், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். முடிந்ததும் கேக்கைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

ஒன்பதாம் படி: பொங்கல் மூன்று நாளும்

பொங்கலன்று வீட்டைவிட்டு எங்கும் போக வேண்டாம். தெருவில் யார் வீட்டுப் பானை முதலில் பொங்குகிறது என்று பார்ப்பதே அன்றைய நிகழ்ச்சி. மாட்டுப் பொங்கலன்று காலையில் தஞ்சைப் பெரிய கோயில் நந்திக்குக் காய்கறி, பழம், இனிப்பு எல்லாவற்றையும் சரம் சரமாகக் கட்டி அலங்காரம் செய்வார்கள். கத்தரிக்காயும் முள்ளங்கியும் மாலையாகத் தொங்க நடுவில் நந்தியின் மூக்கு மட்டும் தெரியும் காட்சியைப் பிள்ளைகள் மறப்பதில்லை. வெயில் ஏறுவதற்குள், கோபூஜை நடக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

காணும் பொங்கலன்று திருக்கடையூர்ப் பக்கம் மாட்டு வண்டி, குதிரை வண்டி எல்கைப் பந்தயம் (குறித்த எல்லைவரை வண்டி ஓட்டும் போட்டி) நடப்பது வழக்கம். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு என்று தனித்தனியாக விடுவார்கள். அனுமதி கிடைத்திருக்கிறதா என்பதை முதல்நாள் மயிலாடுதுறையில் விசாரித்துக்கொண்டு போங்கள். வண்டி வரும்போது சாலையோரத்து வாய்க்கால் கரைக்கு அந்தப்புறம் நிற்பதுதான் பாதுகாப்பு. பின்னாலேயே சீறிவரும் இருசக்கர வாகனங்கள் மாட்டைவிட ஆபத்தானவை.

பத்தாம் படி: திருவையாறு

எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதற்கு மட்டும் வருகிறவர்களும் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று, புஷ்ய பகுள பஞ்சமியில், திருவையாற்றில் சித்தியடைந்தார். சிதிலமாகிக் கிடந்த அவருடைய சமாதியைத் தேடிவந்து, நிலத்தை வாங்கிக் கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். அக்காலத்தில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு கோஷ்டிகள் ஆராதனையைத் தனித்தனியாக நடத்தின. பெண்களுக்குப் பாட இடமில்லாததால் நாகரத்தினம்மாள் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாடவைத்தார். 1940-இல்தான் எல்லாம் ஒன்றாயின. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால், பந்தலில் ஆணும் பெண்ணுமாக எதிரெதிரே உட்கார்ந்து பாடுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள்.

ஆராதனை ஐந்து நாள் விழா. பஞ்சமி கடைசி நாள். முதல் நாள் மாலையில் தொடங்கி, அடுத்த மூன்று நாளும் காலையிலிருந்து நள்ளிரவுவரை பந்தலில் பாட்டு ஓயாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடைகள். ஒன்றில் பாடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் அடுத்தவர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடம்தான். பெயர் பெற்றவர்களும் நேற்று அரங்கேறியவர்களும் அதே மேடையில், சன்மானம் இல்லாமல், தியாகராஜர் கீர்த்தனையை மட்டும் பாடிவிட்டு இறங்குவார்கள். யார் எப்போது பாடுகிறார்கள் என்று பட்டியலை வைத்துக்கொண்டு காத்திருப்பது வீண். பிற்பகல் மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தால் இரவு சாப்பாட்டுக்குள் பத்துப் பதினைந்து குரல் கேட்டுவிடலாம். அவசரமில்லாமல் கேட்க இரண்டாம், மூன்றாம் நாள் மாலை மிக நல்லது.

பஞ்சமியன்று நடப்பது வேறு. விடியற்காலையில் திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இல்லத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனை (வீடுவீடாக அரிசி ஏற்றுப் பாடிச் செல்வது) புறப்படும். கூட்டத்தைத் தாண்டி அதை முதலில் பிடித்துவிடுங்கள். அதன் பின்னாலேயே நடந்தால் சமாதிக்கு வழியும் கிடைக்கும், இடமும் கிடைக்கும். நாதஸ்வரம் முடிந்து, ஒன்பது மணி வாக்கில் பஞ்சரத்தினம் தொடங்கும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீராகம் என்ற வரிசையில் ஐந்து கிருதிகளையும் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகப் பாடுவார்கள். முன்வரிசைகள் வித்துவான்களுக்கு, அவர்களுக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பாடலாம். பாடத் தெரியாதவர்கள் சாகித்தியத்தைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் கொண்டுபோனால் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதாவது தெரியும்.

முதல்முறை போனபோது நான் பட்டபாட்டைச் சொல்லிவிடுகிறேன். எட்டரை மணிக்கு ஊருக்குள் இருந்தால் போதும் என்று நினைத்துத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் நிதானமாகக் காபி குடித்துவிட்டு ஏறினேன். ஏறத்தாழ 13 கி.மீ. தூரம்தான். ஆனால் ஊருக்கு வெளியிலேயே நடத்துநர் எல்லாரையும் இறக்கிவிட்டார். நான்கு ஆற்றுப் பாலங்களைத் தாண்டி வந்தவன் ஐந்தாவதான காவிரிப் பாலத்தை நடந்து கடந்து பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கௌளை முடிந்து ஆரபி பாதியில் இருந்தது. மூங்கில் தட்டிக்கு வெளியே ஒருவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு மீதியைக் கேட்டேன். ஆகவே சொல்கிறேன்: பஞ்சமிக்கு முன்னாள் இரவே திருவையாற்றிலோ தஞ்சாவூரிலோ தங்கிவிடுங்கள், காலை ஆறு மணிக்குள் ஆற்றங்கரையில் இருங்கள். கும்பகோணத்திலிருந்து நேராக வருகிறவர்கள் சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாக ஆற்றோரமாகவே வந்துவிடலாம். தஞ்சாவூரைச் சுற்ற வேண்டியதில்லை.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. தரையில் விரிக்க ஒரு பழைய துண்டு அல்லது பாய், பனிக்கு ஒரு சால்வை, தண்ணீர், செருப்பைப் போட்டு வைக்க ஒரு துணிப்பை. செருப்பை வெளியில் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அதே இடத்தில் ஏதோ ஒரு செருப்பு இருக்கும், உங்களுடையது இருக்கும் என்று சொல்ல முடியாது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை அணைத்து வையுங்கள். பஞ்சரத்தினத்தை வானொலியும் தூர்தர்ஷனும் நேரடியாகவே தருகின்றன, நீங்கள் பதிவு செய்ய வேண்டிய அவசியமில்லை.

ஸ்ரீராகம் முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து அசோகா அல்வாக் கடைப் பக்கம் போய்விடும். நீங்கள் உடனே எழாதீர்கள். சமாதிக்குள் அபிஷேகம் முடிந்து நெரிசல் குறையும்வரை இருந்துவிட்டு, உள்ளே போய்ப் பாருங்கள். எதிரில் தியாகராஜரைப் பார்த்தபடி நாகரத்தினம்மாளின் சமாதி இருக்கும். அதன்பிறகு போய்ச் சாப்பிட்டுவிட்டு மாலை திரும்பி வந்தால் பந்தலில் பாட்டு தொடரும். இரவு ஆஞ்சநேய உற்சவத்தோடு விழா நிறையும். அதுவரை இருப்பதாக இருந்தால், தஞ்சாவூருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, எந்தப் பாலத்தருகே நிற்கும் என்பதைக் காலையிலேயே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.